உப்புக் காற்றில் உழைத்த கருவிகள்: கீழக்கரையிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கடலோர ஊரில் ஒரு பொருளை வாங்கும்போது கடைக்காரர் எழுதித் தரும் உத்தரவாதச் சீட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பொருள் எத்தனை கச்சான் காற்றை, அதாவது தென்மேற்குக் காற்றைத் தாங்கும் என்பதே இங்குள்ளவர்களின் முதற்கேள்வி. கீழக்கரையில் பிறந்து வளர்ந்து, இறால், கணவாய், நண்டு முதலிய கடல் பொருள்களை வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகவும் கணக்கராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலகத்திலும் வீட்டிலும் நெடுங்காலம் என் கைபட்டு உழைத்த, இன்று புழக்கத்தை விட்டுப் போய்விட்ட கருவிகளைப் பற்றி அவற்றைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவை புதிதாக இருந்தபோது எப்படி மின்னின என்பது இங்கே முக்கியமில்லை. பழுதானபோது எங்கே பழுதாயின, அந்தப் பழுதை எங்கள் ஊர்க் கைகளால் நீக்க முடிந்ததா என்பதைக் கொண்டே ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன். கடற்கரையில் ஒரு கருவியின் ஆயுளை அதன் உறுதியைவிட அதைத் திறந்து துடைக்க முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

உள்நாட்டில் வாழ்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம் என்பதால் உப்பின் வேலையைச் சற்று விளக்க வேண்டும். அலை உடையும்போது காற்றில் ஏறும் நுண்துளிகள் வழியிலேயே நீர் வற்றி, உப்புத் துகள்களாக வீட்டுக்குள் வந்து படிகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே பகலில் மேசை மீது வெறும் தூசாகத் தெரிவது, இரவில் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறி இரும்பையும் செம்பையும் அரிக்கிறது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டின் அலமாரிக்குள் வைத்த கத்தரிக்கோல்கூடத் துருப்பிடிப்பதற்கு இதுதான் காரணம். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது தென்கடலைப் பார்த்த எங்கள் ஊருக்கு இது உச்சத்தில் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும்போது தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் ஊர்களின் முறை வரும்.

இந்தக் காற்றில் நான் கண்ட கருவிகளிலேயே மிக உயர்ந்தது தமிழ்த் தட்டச்சுப் பொறி என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களுக்கு ஒரு ஹால்டாவும், படகு உரிமையாளர்களுக்கும் மீன்வளத் துறைக்கும் எழுதும் தமிழ்க் கடிதங்களுக்கு ஒரு ரெமிங்டனும் இருந்தன. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிவிட்டதால், எங்கள் காலத்தில் மூன்று பெயர்களும் அருகருகே புழங்கின. நான் பயின்ற பயிலகத்தில் மூன்றுமே உண்டு. 'யளனகபக' என்று இடக்கை விரல்களை வரிசையாக ஓட்டிப் பழகியதும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அரசுத் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொற்கள் என்ற லோயரையும், 45 சொற்கள் என்ற ஹையரையும் எழுதியதும் என் தலைமுறையில் வேலை தேடிய பலருக்கும் பொதுவான அனுபவம்.

தமிழ்ப் பொறியின் அமைப்பைப் பற்றி இன்று கணினியில் தட்டச்சு செய்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, தமிழின் இத்தனை எழுத்துகளையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவதற்குக் கண்ட வழிகளில் முக்கியமானது நகரா விசை. சாதாரண விசையை அழுத்தினால் எழுத்து விழுந்து, தாளைத் தாங்கும் வண்டி ஓர் இடம் நகரும். நகரா விசையை அழுத்தினால் குறி மட்டும் விழும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே 'க்' வேண்டுமானால் முதலில் புள்ளியை அடித்துவிட்டு, அதன் கீழே 'க'வை அடிக்க வேண்டும். இகர, ஈகாரக் குறிகளுக்கும் இதே முறைதான். எழுதும்போது மெய்யை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிற கை, பொறியில் புள்ளியை வைத்துவிட்டு மெய்யைத் தேட வேண்டியிருந்தது. பழகிய பிறகு இதனால் ஒரு நன்மை விளைந்ததைக் கண்டேன். சொல்லின் முழு எழுத்துக்கூட்டும் மனத்தில் தெளிவாக நிற்காமல் விரல் இறங்காது. அதனால் ஒற்று மிகும் இடத்தில் தடுமாற்றம் இருந்தால் அது விரலிலேயே தெரிந்துவிடும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, ளை, னை ஆகியவற்றை மற்ற ஐகார எழுத்துகளைப் போலவே எழுதச் செய்தபோது, தனி வடிவங்களைப் பற்றிய கவலையும் தட்டச்சருக்குக் குறைந்தது.

இனிப் பராமரிப்புக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கும். முதலில் 45 நாளாக இருந்து, 2017 முதல் 61 நாளாக ஆயிற்று. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாள்களில் அலுவலகத்தில் வேலை குறைவு என்பதால், பொறிகளைக் கழற்றித் துடைத்து ஓவராயில் செய்வதற்கு அதுவே தோதான காலம். ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் பேருந்தில் வருவார். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, எழுத்துக் கம்பிகள் வந்து சேரும் அரைவட்டப் பகுதியை முதலில் பார்ப்பார். சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக வெட்டப்பட்ட அந்த இடுக்குகளில்தான் ஒவ்வொரு கம்பியும் உட்கார்ந்து எழும்புகிறது. உப்பும் ரிப்பன் மையின் பிசுக்கும் சேர்ந்து அங்கே இறுகினால், அடித்த எழுத்து திரும்பிப் போகாமல் நடுவழியில் நிற்கும். அடுத்த எழுத்து அதன் மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெயில் படாத இடத்தில் உலர வைப்பார். "பாய், இந்தப் பல்லுக்குள்ள எண்ணெய் விடாதீங்க. எண்ணெய்தான் உப்பைப் பிடிச்சு வச்சுக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். தையல் எந்திர எண்ணெயை வண்டி ஓடும் தண்டவாளத்தில் மட்டும் ஒரு சொட்டு விடுவார். பின்னர் குண்டூசியை எடுத்து ண, ன, ஷ ஆகியவற்றின் சுழிகளில் அடைந்திருக்கும் மைக் கட்டியைக் குத்தி எடுப்பார். சுழி அடைத்துக்கொண்டால் கடிதத்தில் 'ண' வெறும் கறுப்புக் கறையாக விழும். எந்த விலைக்கு எவ்வளவு எடை என்று எழுதும் கடிதத்தில் அது ஆகாது.

வண்டியை இழுக்கும் நாடா ஒருமுறை அறுந்துபோனபோது, அசல் நாடா மதுரையிலிருந்து வரும்வரை காத்திராமல், வலை பின்னும் நைலான் நூலை மூன்று இழையாக முறுக்கி அவர் கட்டிக்கொடுத்தார். அசல் நாடா வந்த பிறகும் அதை மாற்றத் தேவை ஏற்படவில்லை. ரப்பர் உருளை கடினப்பட்டுப்போனால் புள்ளி விழும் இடமெல்லாம் தாளில் ஓட்டை விழும். அதற்குப் புது ரப்பர் ஏற்றித் தரும் ஆட்களும் மதுரையில் இருந்தார்கள். ஒரு கருவியின் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்து, கையால் தொட்டுச் சரிசெய்யக் கூடியதாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை இன்று ஒட்டி மூடிய கருவிகளோடு வாழ்பவர்கள் உணர வேண்டும். குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு கார்பன் தாள் வைத்து அடித்தால் மாலையில் சுண்டுவிரல் கடுக்கும். கோடைக் காற்றில் ரிப்பன் வறண்டு எழுத்து வெளிறும். பிழை விழுந்தால் அழித்து அடிக்கும் வேலை ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது. பல நகல் எடுப்பதற்கான ஸ்டென்சில் வெட்டும்போது ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் மெழுகுத் தாளைக் குத்த வேண்டும். அழுத்தம் கூடினால் 'ப'வின் நடுப்பகுதி பெயர்ந்து விழுந்து, சைக்ளோஸ்டைல் நகலில் அங்கே மை கொட்டும். ஆயினும் எங்கள் ரெமிங்டன் ஒருநாள்கூட முழுமையாக நின்றதாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக் கருவிகளில் டிரான்சிஸ்டர் வானொலிக்கு நான் இரண்டாம் இடம் தருவேன். வாப்பா வாங்கிய பிலிப்ஸ் அது. எண்பதுகளில் உரிமக் கட்டணம் நீக்கப்படும்வரை அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி, உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டோம். இந்தக் கரையில் வானொலி கேட்டவர்கள் அனைவருக்கும் இலங்கை வானொலிதான் முதல் நிலையம். 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயரைப் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய அந்த நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு, திருச்சியைவிடவும் மதுரையைவிடவும் எங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்டது. அதற்கு அறிவியல் காரணம் உண்டு. மத்திய அலை தரையை ஒட்டிப் பரவும்போது வறண்ட நிலம் அதை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நிலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாகக் கடத்துவதால் அலை வலுக்குன்றாமல் வெகுதூரம் செல்லும். கீழக்கரைக்கும் கொழும்புக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அதில் மிகப் பெரும்பகுதி மன்னார் வளைகுடாத் தண்ணீர். பொருள்களை அரித்துத் தின்ற அதே உப்பு, பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா ஆகியோரின் குரல்களை எங்கள் திண்ணைவரை சுமந்துகொண்டு வந்தது என்பதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக நிற்கும்போது அலையை நன்றாக வாங்கும்; தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். எங்கள் வீட்டில் இதன் விதியை யாரும் படித்ததில்லை. ஆனால் பெட்டியின் முகம் தென்கிழக்கைப் பார்க்க, சன்னல் கட்டையில் எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மின்னல் வெட்டும் ஒவ்வொரு முறையும் மத்திய அலையில் 'சடசட'வென்று ஒலி எழும் என்பதால், வல்லம் என்னும் பாய்மரப் படகில் செல்பவர்கள் வானொலியை வானிலை அறிக்கைக்காக மட்டுமன்றி இந்தச் சத்தத்துக்காகவும் கேட்டார்கள். அடிவானத்தில் எதுவும் தெரியாத நேரத்திலேயே சத்தம் நெருங்கி வந்தால் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்பதும் வானொலி வழியாகவே வீடுகளை எட்டியது.

வானொலியின் பகை பேட்டரிதான். சாதாரண உலர் மின்கலத்தில் துத்தநாகக் குவளையே ஒரு மின்முனை. மின்சாரம் எடுக்க எடுக்க அந்தக் குவளை கரைந்து மெலிகிறது. தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டுவைத்தால் குவளை ஓட்டையாகி உள்ளிருக்கும் ரசாயனக் குழம்பு கசிந்து, சுருள்வில்லில் பச்சையாகப் பூக்கும். கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரே மழைக்காலத்தில் சுருள்வில் உதிர்ந்துவிடும். பழைய பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. கசிவுக்கு அதுவே வழியும் வகுத்தது. உப்புக் காகிதத்தால் தேய்த்து, எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, வேண்டுமானால் வேறு பழைய பெட்டியின் சுருள்வில்லை எடுத்துப் பற்றவைத்தால் வானொலி மீண்டும் பேசும். டயல் கயிறு அறுந்தால் தூண்டில் நரம்பு கட்டினோம். இந்த இரண்டு பழுதுகளைத் தவிர வாப்பாவின் வானொலியில் பெரிதாக எதுவும் வந்ததில்லை.

இடையில் ஒரு செய்தியையும் பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் தெருவில் பலரும் கடிகாரத்தை இலங்கை வானொலியின் நேர அறிவிப்பைக் கேட்டுத்தான் திருத்தினார்கள். 1996 மே மாதத்தில் இலங்கை தன் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் இந்திய நேரத்தோடு ஒன்றாயிற்று. அந்தப் பத்தாண்டு முழுவதும் பாட்டுக்குக் கொழும்பு, கடிகாரத்துக்குத் தூத்துக்குடி என்று இரண்டு நிலையங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தொலைக்காட்சியைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது, சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு எட்டாத எங்கள் கரையில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் அதற்காகவே வாங்கப்பட்டன. பெட்டிகள் நன்றாகத்தான் உழைத்தன. ஆனால் உயரமான கம்பத்தின் உச்சியில் நின்ற அலுமினிய ஆன்டெனா எங்களைப் பாடாய்ப் படுத்தியது. அலுமினியக் குழாயை இரும்புக் கவ்வியால் இறுக்குவார்கள். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும் என்பதால், கவ்வி பிடித்த இடத்திலேயே குழாய் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, கச்சானில் முறிந்து தொங்கும். கீழிருந்து துடைக்கவும் முடியாது. ஆளை ஏற்றினால் திருகாணி துருவில் இறுகித் திரும்பாது. பிற்பாடு ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்து தூர்தர்ஷன் தெளிவாகக் கிடைத்த பிறகே கம்பங்களின் உயரம் குறைந்தது. இந்தக் கரைக்கு ஆன்டெனாவைப் பரிந்துரைத்திருக்கவே மாட்டேன். ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை.

கேசட்டைப் பற்றி எழுதும்போது என் நிதானம் சற்றுக் குறையக்கூடும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த இந்தச் சிறு பெட்டி, உலகத்துக்குப் பாட்டுக் கேட்கும் சாதனம். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, சித்தார்கோட்டை வீடுகளுக்கோ அது கடிதம். எங்கள் பெரிய காக்கா (அண்ணன்) சவுதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்த்தார். முதல் சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டுப் பயணத்திலிருந்து, வரும்போது அவர் கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரில்தான், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் உம்மா தன் மகனுக்கு முதன்முதலாக யாருடைய கையையும் எதிர்பாராமல் செய்தி அனுப்பினார். ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. கடிதம் எழுதித் தருபவர் முன்னால் ஒரு தாய் சொல்லக்கூடியது வேறு, தனியறையில் கருவியின் முன்னால் அமர்ந்து சொல்லக்கூடியது வேறு. சிவப்பு விசையையும் ஓடும் விசையையும் ஒன்றாக அழுத்தக் கற்றுக்கொண்ட பிறகு உம்மா எங்களை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிடுவார். "என்னப் பெத்த வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கும் அந்தக் குரல் மட்டும் கதவுக்கு வெளியே கேட்கும். சபர் புறப்படும் யாராவது ஒருவரின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே அந்தக் கேசட் வைக்கப்படும். சில வாரங்களில் அதே கேசட்டின் மறுபக்கத்தில் காக்காவின் பதில் வந்து சேரும்.

பயன்பாட்டளவில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இத்தகைய பதிவுக்குப் பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் சி-60 கேசட்தான் ஏற்றது என்பது. சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம் கிடைக்கும் என்றாலும், அதே பெட்டிக்குள் அவ்வளவு நீளத்தை அடக்குவதற்காக நாடாவை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். வெக்கையிலும் ஈரத்திலும் மெல்லிய நாடா இழுபட்டு, உருளையில் சுற்றிக்கொள்ளும். சி-60இன் நாடா தடிப்பானது, நிதானமாக ஓடும். பதிந்து முடித்ததும் பின்பக்கத்து மூலையில் இருக்கும் சிறு தகட்டை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. மீண்டும் பதிய வேண்டுமானால் அந்த ஓட்டையில் காகிதம் அடைத்தால் போதும்.

ஆனால் டேப் ரெக்கார்டர் என்ற கருவி, தட்டச்சுப் பொறிக்கு இருந்த உறுதியில் பாதிகூடக் கொண்டதல்ல. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற சீரான வேகத்தில் நகர வேண்டும். அந்த வேகம் ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட்டையும் ஒரு ரப்பர் உருளையையும் நம்பியிருக்கிறது. வெப்பத்தில் பெல்ட் தளர்ந்து, இறுதியில் தார் போல உருகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது அழுகிற பிள்ளையின் குரலும் கிழவரின் குரலாகக் கேட்கும். நாடாவிலிருந்து ஒலியை வாங்கும் ஒலிமுனையில் படியும் பழுப்புநிறப் பொடியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் ஒலி மந்தமாகிவிடும். பெல்ட்டுகள் ராமநாதபுரத்திலேயே அளவு பார்த்துக் கிடைத்த வரையில் இவை பெரிய சிக்கலாக இருக்கவில்லை. பெல்ட் கிடைக்காமல் போன நாளிலிருந்துதான் கருவிகள் அலமாரிக்குப் போயின.

தொலைபேசியில் என் அனுபவம் குறைவு. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம், சிற்றூர்களுக்கென வடிவமைத்த 128 இணைப்புகள் கொண்ட தொலைபேசி நிலையம் குளிர்சாதனம் இல்லாமலே வெப்பத்திலும் தூசியிலும் இயங்கியது என்பது, இடத்தைப் பார்த்துக் கருவி செய்வதற்கு நம் நாட்டில் கிடைத்த நல்ல சான்று. அதன் பின் வெளியூர்களுக்குப் பேசுவதற்கான, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்கு ஒன்றாகப் பெருகின. இரவில் கட்டணம் பாதியாகவும் பின்னர் காலாகவும் குறையும் நேரத்துக்காகக் கூட்டம் காத்து நிற்கும். 04567 என்ற ராமநாதபுரத்தின் குறியீட்டு எண் இன்னும் என் நாவில் இருக்கிறது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு வெகுநாள் முன்பே ஃபேக்ஸ் அதன் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஃபேக்ஸின் வெப்பத்தாளில் வந்த விலைப்பட்டியல்கள் அனைத்தும் இன்று வெள்ளைத் தாள்களாகிவிட்டன, கார்பன் நகல்களோ அப்படியே இருக்கின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கணினி வந்தபோது அலுவலகத்துக்கு ஒரு ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும் வந்தது. ஒன்பது ஊசிகளால் 'மு'வையும் 'மூ'வையும் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது என்பது அதன் பெருங்குறை. ஆனால் ஒரே அடியில் மூன்று நகல் எடுக்கவும், ரிப்பனுக்கு மை ஏற்றி ஓட்டவும், மூடியைத் திறந்து துடைக்கவும் அது இடம் கொடுத்ததால் நெடுங்காலம் உழைத்தது. கணக்கைச் சேமித்து வைக்கும் 1.44 மெகாபைட் ஃபிளாப்பித் தட்டு அதற்கு நேர்மாறு. அதன் உலோக மூடி துருப்பிடித்து, உள்தட்டில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்து, ஒரு மழைக்காலக் கணக்கு முழுவதையும் அது விழுங்கிவிட்டது. கார்பன் நகலைப் பார்த்து மறுபடி அடித்துத்தான் கணக்கை மீட்டோம். 1999இல் தமிழ்99 விசைப்பலகை அறிவிக்கப்பட்டு, இளையவர்கள் அதில் பழகினார்கள். அது எளிதானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் மட்டும் கணினியிலும் பழைய தட்டச்சு முறையையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் அந்த விரல்கள்தாம் அடித்தன.

இன்று என்னிடம் ஓடும் நிலையில் இருப்பவை, அலுவலகம் மூடியபோது கேட்டு வாங்கிய ரெமிங்டனும், வாப்பாவின் வானொலியும், மூன்று பழுதான டேப் ரெக்கார்டர்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிய பானசோனிக்கும் ஆகும். முதல் இரண்டும் இன்னும் பல காலம் இருக்கும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கரையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்திடமும் வேண்டிக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். மறைந்த பெற்றோரின் குரல் பதிந்த கேசட்டுகள் பல வீடுகளில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. கருவி எங்காவது கிடைத்துவிடும். நாடாவில் பூஞ்சை ஏறிவிட்டால் குரல் கிடைக்காது.

கேசட்டை எடுத்தவுடன் ஓட விட்டுவிடாதீர்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கண்ணாடிச் சன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அதை நல்ல கருவியில் போடக் கூடாது, பூஞ்சை ஒலிமுனைக்கும் அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், முதலில் இருமுனைக்கும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டு, இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். நாடாவை ஒலிமுனையோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தாலோ, அதைத் தாங்கும் பட்டை துருப்பிடித்திருந்தாலோ, ஐந்து திருகாணி போட்ட வேறொரு நல்ல கேசட்டைத் திறந்து, அதற்குள் இந்த நாடாச் சுருள்களை மாற்றி வையுங்கள். திருகாணி இல்லாமல் ஒட்டிய பெட்டியானால் விளிம்பில் கத்தி முனையால் பிளக்கலாம். குரல் மந்தமாகக் கேட்டால் ஒலிமுனையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மிக நுட்பமாகத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். காதொலிப்பான் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு இணைத்துப் பதிந்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். எங்கள் உம்மாவின் கேசட்டுகளை இந்த முறையில்தான் மாற்றினேன். காக்காவின் பிள்ளைகள் அவற்றைத் தம்மாமில் கேட்கிறார்கள். கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ இருப்பவர்கள் கேசட்டைக் கொண்டுவந்தால், என் பானசோனிக் ஓடும்வரை மாற்றித் தருவேன்.